எந்தப் பச்சை

கொழும்பிலிருந்து வந்தவர்
பொனற்றைச் சுற்றி மூன்று தரம் நடந்தார்
கோயில் வீதி சுற்றுவது போல.
"ஆமி லுக்" என்றார். "இதுக்குத்தான் இப்ப மவுசு."
முத்தையன்கட்டில் எனக்குத் தெரிந்த ஆமி லுக்
வேறு.

பிறகு ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை எடுத்து
கதவோரம் மெல்லச் சுரண்டினார்.
மேலே நீலம். அது நான் அடித்தது,
பள்ளிக்கூடச் சுவருக்குப் பூசி மிஞ்சின வாளி.
நீலம் அடிக்கும் வரைக்கும்
இது ஒழுங்கைக்குள் திரும்பினால்
பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு நின்றார்கள்.
நீலத்துக்குக் கீழே வெள்ளை.
வெள்ளையில் ஒரு சிவப்புக் கீற்று.
அதற்குக் கீழே பச்சை,
பச்சைக்குக் கீழே மண்ணிறம்,
மண்ணிறத்துக்கும் கீழே இன்னொரு பச்சை.

அவர் குரல் குழைந்தது.
"இதுல எந்தப் பச்சை ஒரிஜினல் அக்கா?
யாரோட பச்சை?"

நான் றேடியேற்றருக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
"தண்ணி கொஞ்சம் கூடக் குடிக்கும்" என்றேன்.

இரும்புக்கடை வீரகத்தி
கிலோக் கணக்கில்தான் தந்தவன்.
தராசில் ஏறும்போது சில்லு மூன்று.
சேசிஸில் துரு. உடம்பில் இல்லை, உடம்பு அலுமினியம்:
நெளியும், கிழியும், துருப்பிடிக்காது.
இருக்கைக்கு அடியில் ஒரு பால்மா ரின்,
ரின்னுக்குள் சாரத்துணியில் சுற்றி மூன்று பிளக்,
ஒவ்வொன்றும் அரத்தாளால் தேய்த்து மினுக்கினது.
யாரோ திரும்பி வந்து ஓட்டுவதாக இருந்திருக்கிறது.
நாலாவதை நான் வவுனியாவில் வாங்கினேன்.
அதுதான் அடிக்கடி கரி பிடிக்கிறது.

இதற்குள் ஒளித்துவைத்தது எதுவும் இல்லை.
பொனற்றைத் தூக்கினால் நிலம் தெரியும்.
ராங்கி ஒழுகினால் சவர்க்காரம் தேய்ப்பேன்,
சைலன்சரை வேலிக்கம்பி பிடித்திருக்கிறது,
ஒரு வாஷர் என் பழைய செருப்பு.
தடை இருந்த காலத்தில்
மண்ணெண்ணெய் குடித்து ஓடின எஞ்சின்.
நல்ல பெற்றோல் ஊற்றினால் இன்றைக்கும்
நம்பாதது போல் ஒருதரம் இருமும்.

மாரியில் குளம் வான் பாயும்போது
ஃபான் பெல்ற்றைக் கழற்றிவிட்டு இறங்குவேன்.
மஞ்சள் குமிழை அமத்தினால் முன் சில்லும் இழுக்கும்,
சிவப்புத் தடியைப் பின்னுக்கு இழுத்தால்
எருமை.
போன வருசம் பிள்ளைப்பேற்றுக்கு ஒன்று,
பாம்புக்கடிக்கு இரண்டு,
மற்றபடி உரமும் கச்சானும்.

முப்பத்தெட்டு லட்சம் என்றார்.
பெயின்ற் முழுக்க உரித்து, அந்த அடிப்பச்சையை வெளியே எடுத்து
நுவரெலியாவில் ஹோட்டல் வாசலில் நிறுத்துவாராம்.
நான் கணக்குப் பார்த்தேன்.
பார்க்காமல் இருக்கவில்லை.
கிணற்றுக்குக் கட்டு, தர்மினியின் படிப்பு,
ஒரு பல்லுக் கட்ட வேண்டும் எனக்கு.

அதற்குள் கிழக்கே கறுத்துவிட்டது.
பின்னால் பதினாறு மூடை கச்சான்,
மூட ஒரு படங்குதான், அதிலும் ஓட்டை.
திறப்பைத் திருப்பினேன். ஸ்ராட்டர் டிக் என்றது,
பிறகு அதுவும் இல்லை.

"தள்ளுங்கோ" என்றேன்.

தள்ளினார். பாவம், நன்றாகவே தள்ளினார்,
வெள்ளைச் சேட்டோடு, விலை பேசின அதே கையால்.
இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன்,
உலுக்கி, புகைந்து, பிடித்தது.
இனி நிறுத்த ஏலாது.
"விலையைச் சொல்லுங்க அக்கா, விலை"
என்று சேற்றில் கூடவே ஓடி வந்தார்.
நான் கையை வெளியே நீட்டி அசைத்தேன்.
போய்வாறன் என்றும் எடுக்கலாம் அதை,
பொறுங்கோ என்றும்.

ஒட்டுசுட்டானில், நான் எப்போதும் விடுகிற
சரிவில் விட்டு இறங்கினேன். மழை விழத் தொடங்கியிருந்தது.
கதவில் அவர் சுரண்டின இடம்,
குற்றியளவு,
நனைந்து இன்னும் பச்சையாய்த் தெரிந்தது.
ஒரு பொடியன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.

அவன் கடந்து போகும் வரைக்கும்
பெருவிரலால் மூடிக்கொண்டு நின்றேன்.